பெண் கொடுக்கும் முன் பள்ளிக்கூடம் பார்த்தவர்

என் தாய்மாமனின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. கையைக் கேளுங்கள், சொல்கிறேன். அகலமான வலது கை. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு காளை கொம்பால் கீறிய தழும்பு. உள்ளங்கை எப்போதும் உலர்ந்து, காய்ந்த பனமட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஊர், ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே வாய்க்கால் பாய்கிற ஒரு சின்ன ஊர். தொழில், மாட்டுத் தரகு.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. அது பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சம்மதம் என்றால் கையை அழுத்துவார்கள், இல்லையென்றால் இழுத்துக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு முகமும் ஒரு துண்டும்தான் தெரியும்.

இது எல்லாத் தரகர்களும் செய்வதுதான். என் மாமன் சந்தை கலைந்த பிறகும் துண்டை எடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவர் பேசாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. மிளகாய் நாற்றில் புழு, மோகனூர் வண்டிப்பாதையில் பள்ளம், யார் வீட்டு எருமை யார் காட்டில் மேய்ந்தது, எந்த ஊர் நோம்பித் திருவிழாவுக்கு எந்தக் கூத்துக்காரன் வந்தான் என்று பொழுது போவது தெரியாமல் பேசுவார். ஆனால் முக்கியமான சமாச்சாரம் என்று ஒன்று வந்துவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். தோளிலிருந்து துண்டு இறங்கும். கேட்டால், "வாயை உட்டு வெளிய வந்த சொல்லுக்கு ஊருல இருக்கறவனெல்லாம் விலை வெப்பான்" என்பார்.

என் அத்தை, அதாவது அவர் மனைவி, இதைச் சொல்லிச் சொல்லி வைவாள். "எனக்குப் பேசி முடிச்ச அன்னிக்கு இந்த மனுசன் எங்கப்பன் கையைத்தான் புடிச்சாரு. துண்டு வேற. நான் சமையக்கட்டுலருந்து எட்டிப் பாத்தா எங்கூட்டுல எருமை விக்கறாங்கன்னு நெனச்சேன். கடைசியில வித்தது என்னையத்தான்." இதைச் சொல்லும்போது அத்தை சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மாமன் அந்தச் சமயம் பார்த்து மிளகாய் நாற்றுப் பக்கம் போய்விடுவார்.

எங்கள் ஊரில் பங்காளிகள் இரண்டு பேர் வாய்க்கால் மடைக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒருவர் வருகிற பாதையில் மற்றவர் வரமாட்டார். ஒரு கல்யாண விருந்தில் மாமன் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, மடியில் துண்டு. வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. இலை எடுக்கிற நேரத்தில் பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே செம்பில் கை கழுவினார்கள். என்ன பேசினார், யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள், ஒன்றும் வெளியே வரவில்லை. என் அம்மாவுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. "கூடப் பொறந்தவகிட்டயாவது சொல்லுங்கண்ணா" என்று கெஞ்சிப் பார்த்தாள். "தண்ணி பாயுதா? பாயுது. அப்பறம் என்ன?" என்று முடித்துவிட்டார்.

என் அப்பா இறந்தபோது நான் வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு நிறைய ஒறம்பரை, உறவுக்காரர்கள். ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வந்தது. மாமன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். விரல் எதையும் பிடிக்கவில்லை. வெறுமனே வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு உழவுக்கும் அவருடைய ஏர் எங்கள் காட்டில் வந்து நின்றது. வருகிறேன் என்று அவர் சொல்லவுமில்லை, வாருங்கள் என்று நாங்கள் கேட்கவுமில்லை. நான் மேற்கொண்டு படித்தது அந்த ஏரால்தான்.

படித்து முடித்தும் ஊர்ப்பக்கம் வேலை கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போனேன். எங்கள் பக்கத்தில் இலங்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள், கண்டிச்சீமை. பஞ்சம் வந்தபோதெல்லாம் சேலம் ஜில்லாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூலிக்குப் போன இடம். போனவர்கள் திரும்புவதில்லை என்று அதற்கு ஒரு பெயர். நான் சம்பளத்துக்குப் போனவன், வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறவன். இருந்தாலும் பெயர் பெயர்தான்.

சிக்கல் அங்கேதான். மாமனுக்கு ஒரே மகள், பாவாயி. முறைப்படி எனக்கு உரிமைப்பட்ட பெண். உரிமை கிடக்கட்டும், எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதை எழுதுவதற்கு என்ன வெட்கம்? கவலையேற்றத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது ஊருக்கே கேட்கும்படி பாடுவாள். மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவாள். அப்பனுக்கு நேர் எதிர். அவளுக்கு மோகனூர்ப் பக்கத்தில் இரண்டு கிணறும் நஞ்சையும் உள்ள ஒரு வீட்டிலிருந்தும் கேட்டு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் வண்டி கட்டிப் போகிற தூரத்தில் நஞ்சை. இன்னொரு பக்கம் கடல் தாண்டி நான்.

என் அம்மா நேராகவே கேட்டாள். "ஏனுங்கண்ணா, பாவாயிய என்ற பையனுக்குத் தாரீங்களா, இல்லீங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க."

மாமன் அன்றைக்குப் பெய்த மழையில் யார் வீட்டுச் சுவர் சரிந்தது என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் தகவல் ஏதும் இல்லாமல் எங்கள் மலை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

எனக்கு ஆச்சரியமில்லை. மாட்டை வாங்குகிறவன் மாட்டைப் பார்க்க வேண்டும், விற்கிறவன் கட்டுத்தரையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. போகிற இடத்தில் தீனி உண்டா, தண்ணீர் உண்டா, கட்டுகிறவன் கை எப்படி என்று பார்க்காமல் தன் வீட்டு மாட்டை அவர் அவிழ்த்துக் கொடுத்ததில்லை. மகளைக் கொடுப்பாரா?

வருகிற வழியில், கப்பலேறும் முன், மண்டபம் முகாமில் ஊசி போட்டு, துணிமணிகளையெல்லாம் ஆவியில் அவித்துக் கொடுத்திருந்தார்கள். கடல் தாண்டி வந்த மனுஷர், ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "துண்ட வேகவெச்சுப்போட்டானுங்க மாப்பிளே. இது என்ன, சோறா?"

தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டு வந்தவர் முதலில் கிணற்றைத் தேடினார். எங்கள் ஊரில் தோட்டம் என்றால் கிணறு இருக்கும், மாடு இருக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் இடுப்பளவு தேயிலைச் செடி, மேலே மேகம், காலில் ரத்தம் குடிக்கிற அட்டை.

"கெணறு எங்க?"

"கெணறு இல்லீங்க மாமா. மலையிலருந்து குழாய்ல தண்ணி வரும்."

"மாடு?"

"தொரை பங்களாவுல ரெண்டு இருக்குதுங்க."

"அப்பறம் என்னடா தோட்டம்?"

பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு நீளக் கூடம். தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் நான் கத்துவது எனக்கே கேட்காது, பாடம் தானாக நின்றுவிடும். பிள்ளைகள் எல்லோரும் தோட்டத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகள். நான் குடியிருந்தது பள்ளிக்குப் பின்னால் ஒட்டிய ஒற்றை அறை. பாவாயி வந்தால் அங்கேதான் வர வேண்டும். மாமன் சுவரைத் தட்டிப் பார்த்தார், அடுப்பில் புகை போகிற வழியைப் பார்த்தார். பிறகு, "உன்ற பெரிய வாத்தியாரப் பாக்கோணும்" என்றார்.

எங்கள் தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டு, தலைப்பாகை, கண்டிப்பு. ஒரு பென்சில் முனை உடைந்தாலும் விசாரணை வைப்பவர். மாமனை மரியாதையாகத்தான் வரவேற்றார். "இவர் உங்கட மாமாவோ? இருங்கோ, இருங்கோ."

மாமன் உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்துத் தலைமை வாத்தியாருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து தடுப்பதற்குள் துண்டு இறங்கி, தலைமை வாத்தியாரின் வலது கை அதற்குள் போய்விட்டது.

"நம்ம பையன் எப்படீங்க? வாயில வேண்டாங்க. கையில சொல்லுங்க. அஞ்சுக்கு எத்தனை?"

தலைமை வாத்தியார் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "என்ன காணும் இது? ஏன் என்ரை கைக்கு மேலை துவாயைப் போடுறார்?" என்று என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கிலிருந்து எனக்குச் சம்பள உயர்வு கேட்டு மாமன் ரகசியமாகக் கைக்கூலி கொடுக்க வந்திருப்பதாக அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. மணி அடிக்காமலே வகுப்புக்குப் போய்விட்டார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெளியே வந்ததும் மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிறையச் சந்தை பார்த்த பார்வை.

"கைய இழுத்துக்கிட்டாரு மாப்பிளே."

"அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாதுங்க மாமா."

"கை இழுக்கறதுக்கு வழக்கம் எதுக்கு? மாட்டுமேல குத்தம் இருக்குதுன்னு தெரிஞ்சவன்தான் விலை சொல்லாம இழுப்பான். உம்மேல ஏதோ சுழி இருக்குது."

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருப்பதை வைத்து ராசி பார்ப்பார்கள். கெட்ட சுழி என்றால் எவ்வளவு நல்ல மாடும் விலை போகாது. குடிக்காதவன், சீட்டாடாதவன், ஒரு பிள்ளையைக்கூடப் பிரம்பால் அடிக்காதவன் என்று பெயரெடுத்த நான், ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கையை இழுத்துக்கொண்டதற்காகச் சுழிமாடு ஆனேன். எனக்கு வந்த கோபத்தில் மாமனையே ரயிலேற்றி அனுப்பிவிடலாமா என்றிருந்தது. பாவாயியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் தலைமை வாத்தியாரிடம் போய், வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, துண்டு, விரல், பாவாயி. முதலில் அவர் நம்பவில்லை. பிறகு அவர் சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் காலையில் எங்கள் அறைக்கு அவரே வந்து, மாமனுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எங்கட பக்கத்திலை மாடு விக்கிறதெண்டால் வாயாலைதான் சண்டை பிடிப்பம். எனக்கு உது தெரியாமல் போச்சு. தாருங்கோ துவாயை."

துண்டுக்குள் அவர் மாமனின் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை. மாமன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு வெவரங்கெட்டவரா இருக்கோணும். இல்லாட்டி நீ நல்லவனா இருக்கோணும்" என்றார்.

அன்று அவர் பள்ளிக்கூடத்தைவிட்டு நகரவில்லை. கடைசிப் பெஞ்சில் கால்மேல் கால் போடாமல் மரியாதையாக உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட அவர்தான் வேடிக்கை. இடைவேளையில் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவரும் ஒவ்வொருவராக நிறுத்தி, "உனக்கு எந்த ஊரு சாமி?" என்று கேட்டார். எல்லோரும் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். "அது சரி, உங்கப்பனூரு?" அதற்கும் தோட்டத்தின் பெயர்தான் வந்தது. ஒரு பையன் மட்டும் யோசித்து, "கடலுக்கு அந்தப் பக்கம்" என்றான். மாமன் தலையாட்டிக்கொண்டார். எனக்கு மனசு லேசாக இருந்தது. அவர் அவ்வளவு பேசுகிறார் என்றால் முக்கியமான விஷயத்தில் முடிவு நல்லபடியாகத்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் ஒரு பெண் தன் மகளை அழைத்துப்போக வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை, அதன் கயிறு நெற்றியில். வாசலில் நின்றவள் மாமனைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க பரமத்திச் சந்தைத் தரகரய்யா தானுங்க?"

"ஆமா. ஆரு கண்ணு நீ?"

"பஞ்சத்துல எங்கூட்டுக்காரரு ஒரு சோடி எருது வித்துப்போட்டு இங்க வந்தாருங்க. செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு. நீங்கதானுங்க பேசி உட்டீங்க."

மாமனுக்கு நினைவு வந்துவிட்டது. மனுஷர்களை மறப்பாரே தவிர மாட்டை மறக்கமாட்டார். "மயிலைக்கு எடக்கொம்பு சித்தெ மடங்கி இருக்கும்" என்றார்.

அவள் முகம் மலர்ந்ததை என்ன சொல்ல! "அதேதானுங்க! இருக்குதுங்களா அது?"

மாமன் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். "இருக்குது கண்ணு. நல்லா இருக்குது."

"ஆரு ஊட்டுலீங்க?"

"ஆத்தோரம் ஒரு ஊட்டுல. தீனிக்குக் கொறைவில்ல."

"எங்கூட்டுக்காரரு சாகற மட்டுக்கும் அதையேதானுங்க சொல்லிட்டு இருந்தாரு. ஊருக்குப் போனா மொத வேலையா மயிலையத் திருப்பி வாங்கோணும்னு." மகள் பக்கம் குனிந்து, "உங்கப்பன் சொல்லுமே, அந்த மயிலை. இருக்குதாம்டி" என்றாள். அந்தப் பெண் குழந்தை மாமனை நிமிர்ந்து பார்த்தது.

"நீ ஒருக்கா ஊருக்கு வாரதில்லையா கண்ணு?" என்று மாமன் கேட்டார்.

"வந்தா எங்கீங்க போறது? காடும் போச்சு, ஊடும் போச்சு. கூடப் பொறந்தவங்க இருக்கறாங்க. இத்தனை காலம் கழிச்சு ஏன் வந்தேன்னு கேட்டாங்கன்னா நான் என்னங்க சொல்லுவேன்?" இதை அவள் துக்கமாகச் சொல்லவில்லை. தேயிலை நிறுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று கூடையை மாட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமன் மிளகாயைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் கேட்டேன்.

"அந்த மயிலை நெசமாவே இருக்குதுங்களா மாமா?"

"அந்த வருசமே தோலாப் போயிருச்சு மாப்பிளே. பஞ்சத்துல வாங்குனவன் மட்டும் அதுக்கு எதைப் போடுவான்?"

"பின்னே ஏனுங்க இருக்குதுன்னு சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்ல வாய் வரலை." பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல், "ஏன் வந்தேன்னு கேப்பாங்களாம்" என்றார்.

மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் சில நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவர். நான் கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக நானாகவே கையை நீட்டினேன். எத்தனை விரலைப் பிடித்தாலும் சரி, ஏதாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. "அட்டை கடிச்ச எடத்துல சுண்ணாம்பு வை" என்றார். ரயில் போய்விட்டது.

அவ்வளவுதான், பாவாயி மோகனூருக்குப் போகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த மாதம் பிள்ளைகளுக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. தலைமை வாத்தியார் ஒருநாள் கூப்பிட்டு, "நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்க வேணுமோ?" என்று கேட்டார். பாவம், தன்மேல்தான் பிழை என்று நினைத்துவிட்டார்.

தை பிறந்ததும் அம்மாவிடமிருந்து கடுதாசி வந்தது. நாள் குறித்தாகிவிட்டது, லீவு போட்டுவிட்டு வா. ஊருக்குப் போய், மாமன் என்னதான் சொன்னார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலைடா. வந்தாரு, என்ற கையைப் புடிச்சு அழுத்துனாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் அதையே சரின்னு வெச்சு நாள் பாத்துட்டேன். இல்லைன்னு அவரும் சொல்லலை."

கல்யாணம் மாமன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மோகனூர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தை அருமைக்காரர் என்கிற ஊர்ப் பெரியவர்தான் நடத்திவைப்பார். ஒவ்வொரு சடங்காக முடிந்து, தாரை வார்க்கிற நேரம் வந்தது. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, பெண்ணைப் பெற்றவர் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் விழுந்துவிட்டால் பெண் போய்விட்டாள் என்று அர்த்தம். பிறந்த வீட்டுக்கு இனி அவள் வந்து போகிற ஒறம்பரைதான். பந்தலில் இருக்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

பாவாயியின் கை என் கையில் இருந்தது. மாமன் தண்ணீர்ச் செம்போடு எங்களுக்கு முன்னால் நின்றார். அருமைக்காரர், "ஊத்துங்க" என்றார்.

மாமன் ஊற்றவில்லை. பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி பேசினார். அவருக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என்ற தரகுல வித்த பண்டம் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. எவன் ஓட்டிட்டு வந்தாலும் நான் ஏத்துக்கிட்டதில்ல. அது சந்தை. இது என்ற மகள்." பாவாயி பக்கம் திரும்பினார். "சாமி, அந்தச் சீமையில உனக்கு இருக்கப் புடிக்கலைன்னா, ஒரு நாளு புடிக்கலைன்னாலுஞ் சரி, பத்து வருசங் கழிச்சுப் புடிக்கலைன்னாலுஞ் சரி, பொறப்பட்டு வந்துரு. தனியா வந்தாலும் வா, புள்ளைகளோட வந்தாலும் வா. ஏன் வந்தேன்னு இந்த ஊட்டுல ஆருங் கேக்கமாட்டாங்க. நான் செத்துப்போனாலும் கேக்கமாட்டாங்க."

யாரோ ஒரு கிழவி, "தாரை வாக்கற நேரத்துல சொல்ற பேச்சா இது?" என்றாள். அபசகுனம், அபசகுனம் என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. என் அம்மா தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

மாமன் யாரையும் கண்டுகொள்ளவில்லை. என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவர்.

"மாப்பிள்ளைங்களே, அவ வாரேன்னா நீங்க அனுப்பி வெப்பீங்களா? வாயில சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் தகரக் கூரை மழையோடு கத்திப் பழகியவன் நான். ஆனாலும் குரல் வரவில்லை. பாவாயி என் கையை லேசாக அசைத்தாள்.

"வெக்கிறேனுங்க மாமா" என்றேன்.

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அனுப்பி வெக்கிறேனுங்க மாமா!"

"நேரம் போகுதுங்க" என்றார் அருமைக்காரர். மாமன் செம்பைச் சாய்த்தார். பாவாயி முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதித் தண்ணீர் எங்கள் கையில் விழவில்லை, என் பட்டு வேட்டியில்தான் விழுந்தது.